முறைப்பெயர் வரலாறு

மதுரையினின்று அருப்புக்கோட்டை நோக்கிச் செல்லும் நெடுவழியில் விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி என்னும் ஊர் அமைந்துளது. அவ்வூரிலேனும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலேனும் ஒரு திருமண வீட்டில் முன்னர் அறிமுகமில்லாத இருவர் அருகருகே அமர நேரின், அவர்தம் உரையாடல் பெரும்பாலும் ஒரே நெறியிற் செல்வதைக் காணலாம். முதற்கண் ஊர் வினவப்படும். பின்னர் அவ்வூரில் இன்னார் வீடு தெரியுமோ என்னும் வினா எழும். இரண்டொரு பெயர்களைக் கடந்தபின் இருவர்க்கும் உறவாகிய ஒருவர் அகப்படுவர். உடனே, 'அப்படியானால் நீங்கள் எனக்கு மச்சான் முறை வேண்டும்' என்று ஒருவர் கூறுவர். அந்நொடி முதல் அவ்விருவர் பேச்சின் போக்கே வேறாகும். மச்சான் முறையாயின் நகையாடல் தகும். சிற்றப்பன் முறையாயின் அது தகாது.

இவ்வுரையாடலிற் பயிலும் 'முறை' என்னுஞ் சொல் கல்லாத மாந்தர் வாயில் வழங்கும் எளிய சொல்லாகத் தோன்றினும், அஃது ஆசிரியர் தொல்காப்பியனார் ஆண்ட இலக்கணக் குறியீடே என்பது நினைவிற் கொள்ளற்பாலது. தாய், தந்தை முதலிய சொற்களை அவர் 'முறைப்பெயர்' என்றே வழங்கினர். பெயரியலில் இருதிணைக்கும் பொதுவாகிய விரவுப்பெயர்களை வகுக்குமிடத்து முறைப்பெயரையும் ஒன்றாக வைத்து, அதனைப் பெண்மை முறைப்பெயர், ஆண்மை முறைப்பெயர் என இரண்டாகப் பகுத்தனர். விளிமரபில் முறைப்பெயர் ஏகாரம் பெற்று விளியேற்கும் எனவும் விதந்தோதினர். நூலாசிரியன் குறியீடும் ஊரார் வழக்கும் இவ்வாறு ஒன்றுபட்டு நீண்ட காலம் நிலைத்திருத்தல் அரிதினும் அரிது.

இனி, முறை என்பது யாது? ஒழுங்கும், நீதியும், அடைவும், உரிமையும் அச்சொல்லின் பொருள்களாம். அரசன் செங்கோன்மையை முறை என்கிறோம். ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையை முறை என்கிறோம். உறவினையும் முறை என்கிறோம். ஆகவே தமிழர் உறவினைக் குருதியின் ஒருமையாக மாத்திரம் கொண்டாரல்லர். இன்னார்க்கு இன்னார் இன்னது செய்யக் கடவர் என்னும் ஒழுங்காகவே அதனைக் கண்டனர் என்பது அச்சொல்லாற் பெறப்படும்.

நற்றிணையின் 172-ஆம் செய்யுள் இதற்கோர் இனிய சான்று. சிறுமியர் வெண்மணலில் புன்னை விதையொன்றைப் புதைத்து விளையாடி, பின்னர் அதனை மறந்து போயினர். அது முளைத்தெழக் கண்டு நெய் கலந்த பால் பெய்து வளர்த்தனர். அன்னை அம்மரத்தைச் சுட்டி, அது 'நுவ்வை', அஃதாவது நும் தங்கை, என்று கூறினாள். அதனாலே அப்புன்னை நிழலிற் காதலனொடு நகையாடி நிற்க அப்பெண் நாணுகின்றாள். குருதித் தொடர்பு சிறிதும் இல்லாத ஒரு மரத்துக்கு அன்னையின் ஒரு சொல் முறையைத் தந்தது. முறை வந்தமையின் நாணமும் உடன் வந்தது. முறைப்பெயரை இருதிணைக்கும் பொதுவாக வைத்த தொல்காப்பியனார் கருத்தும் இத்தகைய வழக்குக்கு இடந்தந்து நிற்றல் காண்க.

நுவ்வை என்னும் சொல்லை இங்கே சிறிது நின்று நோக்குதல் வேண்டும். அது 'தங்கை' என்று மாத்திரம் பொருள்படுவதன்று. 'நும் தங்கை' என்று பொருள்படுவது. யாருடைய உறவு என்பது அச்சொல்லினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. பழந்தமிழ் முறைப்பெயர்களுள் மிகப்பல இவ்வியல்பினவே. எந்தை என்பது என் அல்லது எம் தந்தை. நுந்தை என்பது நும் தந்தை. தந்தை என்பது தன் அல்லது தம் தந்தை. யாய் என்பது என் தாய். ஞாய் என்பது நின் தாய். தாய் என்பது அவன் அல்லது அவள் தாய். எம்பி, நும்பி, தம்பி என்பனவும், எங்கை, நுங்கை, தங்கை என்பனவும், எவ்வை, நுவ்வை, தவ்வை என்பனவும், எம்முன், நும்முன், தம்முன் என்பனவும் அவ்வாறே மும்மூன்றாய் நிற்கும். ஐ என்பது தலைவனைக் குறிக்குமாதலின், என் தலைவனை 'என்னை' என்றும், ஒருத்தியின் தமையன்மாரைத் 'தன்னையர்' என்றும் வழங்கினர். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் ஒரு வீரன் தன் தலைவனை 'என்னை' என்றே சுட்டுதல் அறிஞர் அறிவர். குறுந்தொகையின் 40-ஆம் செய்யுளைப் பாடிய செம்புலப்பெயனீரார் அதன் முதலிரண்டு அடிகளுள் யாய், ஞாய், எந்தை, நுந்தை என்னும் நான்கினையும் ஒருங்கே அமைத்துக் காட்டினர்.

இவற்றுள் நுந்தை என்னும் சொல் இலக்கண நூலார் கருத்தைத் தனியே ஈர்த்தது. குற்றியலுகரம் மொழியின் ஈற்றில் வருதலே பெருவழக்கு. மொழிக்கு முதலில் அது முறைப்பெயரிடத்து நகரத்தோடு கூடி வரும் என்று தொல்காப்பியனார் மொழிமரபில் விதித்தனர். உரையாசிரியர்கள் அதற்கு நுந்தை என்னும் ஒரு சொல்லையே காட்டுத் தருவர். ஒரேயொரு சொல்லின் ஒலிப்பைக் காத்தற்பொருட்டு ஒரு நூற்பாவினை யாத்தனரெனின், அச்சொல் அக்காலத்து மக்கள் நாவில் எத்துணைப் பயின்றதாதல் வேண்டும் என்பது உய்த்துணரத்தக்கது.

ஈண்டு ஒரு தடை எழும். 'உயிரையும் உடம்பையும் தந்தவன் தந்தை. தன்னையே தருபவள் தாய். ஆகலின் இரண்டும் தா என்னும் வினையடியாகப் பிறந்தன' என்று மேடைகளிற் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். கேட்டற்கு இனிதாயினும் இவ்வுரை நில்லாது. தந்தை என்பது 'தந்த' என்னும் வினையிற் பிறந்ததாயின், எந்தை எவ்வினையிற் பிறந்தது? நுந்தை எவ்வினையிற் பிறந்தது? தாய் என்பது தா என்பதன் வழித் தோன்றியதாயின், யாயும் ஞாயும் எதன்வழித் தோன்றின? ஒரு சொல்லை அதன் உடன்பிறந்த சொற்களினின்று பிரித்துத் தனியே நிறுத்திப் பொருள் காண்பது, ஒரு பிள்ளையை அதன் குடும்பத்தினின்று பிரித்துக் கொண்டுபோய் இதன் குலம் யாதென வினவுதலையே ஒக்கும். மூன்று சொற்களையும் ஒருங்கு நிறுத்திப் பார்ப்பின், மாறுவது முன்னுள்ள இடப்பகுதி, மாறாதது பின்னுள்ள உறவுப்பகுதி என்பது வெள்ளிடை மலையாம். தந்தை என்பதன் தகரம் தருதலைக் குறித்ததன்று. 'தான்' என்பதன் தகரமே அது.

இக்கருத்துக்கு மற்றுமோர் அரணுளது. இயற்பெயரின் பின் தந்தை என்னும் முறைப்பெயர் வருமிடத்து அதன் முதலிலுள்ள தகர மெய் கெட்டு அகரம் நிற்கும் எனத் தொல்காப்பியனார் புள்ளிமயங்கியலிற் கூறினர். சாத்தன் தந்தை சாத்தந்தை எனவும், கொற்றன் தந்தை கொற்றந்தை எனவும் ஆகும். ஆதன், பூதன் என்னும் பெயர்கள் மேலும் குறுகி ஆந்தை, பூந்தை என நிற்கும். கோப்பெருஞ்சோழனைக் கண்ணாற் காணாமலே நட்புப் பூண்ட பாண்டி நாட்டுப் புலவர் பிசிராந்தையார் பெயர் பிசிர் என்னும் ஊரினராகிய ஆந்தையார், அஃதாவது ஆதன் தந்தையார், என விரியும். இவ்விதி ஒலிபற்றி எழுந்ததேயாயினும், இதனுள் ஒரு பொருணயமும் காணக்கிடக்கின்றது. உறவுக்கு உரியவன் பெயர் வெளிப்பட வந்துவிட்டபின், அவனுக்குப் பதிலாக நின்ற 'தன்' என்பதற்கு வேலையில்லை. ஆகவே அது விலகிக்கொள்கின்றது.

கல்வெட்டினும் முறைப்பெயர் காணப்படுகின்றது. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்து மலைக் குகைகளிற் பொறிக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் தமிழ்மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் வைத்து எண்ணப்படுவன. அவற்றை 1882-இல் இராபர்ட் சிவெல் என்பவர் கண்டறிந்து வெளிப்படுத்தினர். 2003-இல் வெளிவந்த ஐராவதம் மகாதேவனாரின் பெருநூல் அவற்றைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டினவாகக் கொண்டு விரிவாக ஆராய்ந்தது. அங்கே கணி நந்தன் என்னும் துறவிக்குப் பள்ளி செய்வித்த ஒருவன், நெடுஞ்செழியனுக்குச் சாலகன் எனவும், இளஞ்சடிகனுக்குத் தந்தை எனவும், சடிகன் எனவும் குறிக்கப்படுகின்றான். சாலகன் என்பது மைத்துனன் முறையைக் குறிக்கும் வடமொழி வழிச் சொல். தமிழெழுத்து தோன்றிய காலத்திலேயே ஒருவனை இன்னான் என அறிவித்தற்கு அவன் பெயர் மாத்திரம் போதாதாயிற்று. யாருக்கு என்ன முறை என்பதும் வேண்டப்பட்டது. அன்றியும், மகன் பெயரால் தந்தையை அறிவிக்கும் பிசிராந்தையார் காலத்து வழக்கு அக்குகையிலும் காணப்படுகின்றது. ஆயின் அங்கே தந்தை என்பதன் தகரம் கெடாமல் நிற்றலின், அச்சொல் தன் பழம்பொருளை இழந்து 'தந்தை' என்ற பொதுப்பெயராக இறுகத் தொடங்கிய நிலையையும் அது காட்டுகின்றது எனக் கருதலாம்.

அவ்வாறு இறுகியது தமிழில் மாத்திரமன்று. கன்னடத்தில் தந்தெ, தாயி, தம்ம, தங்கி எனவும், தெலுங்கில் தண்ட்ரி, தல்லி, தம்முடு எனவும் தகர முதற் சொற்களே நிலைபெற்றன. இக்காலத் தமிழிலும் எந்தையும் நுந்தையும் வழக்கொழிந்து, 'என் தந்தை' என்றும் 'உன் தந்தை' என்றும் கூறுகின்றோம். சொற்பொருள் நோக்கின் 'என் தன்னுடைய அப்பன்' என்பதுபோல அது மிகைபடக் கூறலேயாம். எனினும் வழக்கு அதனை ஏற்றுக்கொண்டது. தமக்கை, தமையன், தம்பி, தங்கை ஆகியவற்றின் தகரமும் இவ்வாறே உணர்வாரின்றி உறங்குகின்றது.

இனி, இடப்பகுதி ஏலாத மற்றொரு வகைச் சொற்கள் உள. அப்பன், அம்மை, அக்கை, அண்ணன், அத்தன், அன்னை, ஐயன் என்பன அவை. இவற்றுட் பல இரட்டித்த மெல்லிய ஒலிகளையுடையன. மழலை வாய் எளிதிற் பழகத்தக்கன. இவை கூவி அழைத்தற்கு உரியன. எந்தை, தந்தை முதலியன பிறரிடத்துச் சுட்டிக் கூறுதற்கு உரியன. வீட்டில் யாரும் தகப்பனைத் 'தந்தையே' என்று அழைப்பதில்லை. 'அப்பா' என்றோ 'ஐயா' என்றோதான் அழைப்பர். கண்முன் நிற்பாரை அழைக்குங்கால் யாருடைய உறவு என்று சொல்ல வேண்டுவதில்லையன்றோ? இவ்வழைக்குஞ் சொற்களும் மூத்தோர்க்கே பெரிதும் உரியவாய் அமைந்தன. இளையோரைப் பெயர் சொல்லி அழைத்தல் வழக்காதலின். தேவாரத்திற் பயிலும் 'அத்தா' என்னும் விளி இன்று சைவர் இல்லங்களில் மறைந்துவிட்டது. ஆயின் தென்பாண்டி நாட்டு இராவுத்தர் இல்லங்களில் பிள்ளைகள் தகப்பனாரை இன்றும் அத்தா என்றே அழைக்கின்றனர். சமயம் மாறினும் தமிழ் மாறாமையை இஃது அறிவுறுத்தும்.

இவ்விரு வகையையும் வேறுபடுத்தி அறியாமையால் திருமுறைப் பொருளிலும் பிழை நேர்தல் உண்டு. தேவார திருவாசகங்களில் இறைவனை 'எந்தாய்' என அழைக்கும் இடங்கள் பல. அதனை எம் தாய் எனப் பிரித்து, 'என் தாயே' எனப் பொருள் கூறுவார் உளர். பழைய வழக்கின்படி என் தாய் என்பதற்குச் சொல் யாய் என்பதே. தாய் என்பதன் தகரமே படர்க்கையைக் குறித்தலின், அதன்முன் எம் என்பதனை அக்காலத்தார் எளிதிற் சேர்த்திலர். மேலும், ஐகார ஈற்றுப் பெயர் விளியில் ஆய் எனத் திரியும் என்பது தொல்காப்பிய விதி. அன்னை அன்னாய் என்றும், நங்கை நங்காய் என்றும் ஆதல்போல, எந்தை எந்தாய் என்றாயிற்று. ஆகவே எந்தாய் என்பதற்கு 'எம் அப்பனே' என்பதே நேர்பொருள். இறைவன் தாயுமாவான் என்பதில் ஐயமில்லை. திருச்சிராப்பள்ளியில் தாயுமானவனாக எழுந்தருளியிருப்பதை அறியாதார் யார்? எனினும் சொல் தரும் பொருளை முதலிற் கொண்டு, கருத்துத் தரும் பொருளைப் பின்னர்க் கொள்ளுதலே உரை காண்பார் கடன்.

சொல்லமைப்பினின்று இனிச் சொற்கள் உறவை வகுக்கும் நெறிக்குச் செல்வாம். தந்தையின் உடன்பிறந்த ஆடவர் பெரியப்பன், சிற்றப்பன் எனப்படுவர், அவரும் அப்பன்மாரே. தாயின் உடன்பிறந்த பெண்டிர் பெரியம்மை, சின்னம்மை எனப்படுவர், அவரும் அம்மைமாரே. ஆயின் தாயுடன் பிறந்தான் அப்பனாகான், அவன் மாமன். தந்தையுடன் பிறந்தாள் அம்மையாகாள், அவள் அத்தை. மாமன் என்னும் சொல்லே மனைவியின் தந்தைக்கும், அத்தை என்னும் சொல்லே கணவனின் தாய்க்கும், மருமகன் என்னும் சொல்லே உடன்பிறந்தாள் மகனுக்கும் மகளை மணந்தானுக்கும் வழங்கும். மாமன் மகளும் அத்தை மகனும் மணவுரிமை உடையராதலின் இவ்வாறு ஒரு சொல் இரு பொருளைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வொழுங்கு மேலைநாட்டு அறிஞரையும் வியப்புறச் செய்தது. அமெரிக்க நாட்டு லூயி என்றி மார்கன் 1871-இல் வெளியிட்ட உறவுமுறை நூலில் தமிழ் முறைப்பெயர்களை அமெரிக்கப் பழங்குடியினராகிய இரோகுவாயர் வழக்கோடு ஒப்பிட்டு, இரண்டும் பெரிதும் ஒத்திருத்தலால் அப்பழங்குடியினர் ஆசியாவினின்று சென்றவர் என்று முடிவு கட்டினர். முறைப்பெயர் ஒப்புமை ஒன்றையே கொண்டு அத்தகைய முடிவு கூறலாகாது எனப் பின்வந்தோர் உணர்ந்தனர். பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்து 1953-இல் எழுதிய கட்டுரையில் ஒரு நுண்பொருளை வெளியிட்டனர். மாமனை நாம் தாய்வழியாகவே எண்ணுகின்றோம். ஆயின் அவன் தந்தைக்கு மைத்துனனுமாவன். மணவுறவு ஒரு தலைமுறையோடு ஒழியாது அடுத்த தலைமுறைக்கும் தொடர்வதனையே மாமன் என்னும் சொல் குறிக்கின்றது என்பது அவர் கருத்து. காரியாபட்டிப் பகுதியிற் காதணி விழாவிலும் திருமணத்திலும் தாய்மாமன் சீர் எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் கண்டார்க்கு இக்கருத்து எளிதின் விளங்கும்.

நம் சமய வழக்கும் இவ்வொழுங்கிலேயே நிற்கின்றது. மதுரையில் அங்கயற்கண்ணியைச் சொக்கநாதர்க்குத் தாரை வார்த்துக் கொடுப்பவர் தமையன் முறையிலுள்ள திருமால். அதனால் இருவரும் மைத்துனர் ஆயினர். சித்திரைத் திருமணத்தின்போது திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் மதுரைக்கு எழுந்தருளுவது அம்முறை பற்றியே. முருகனை 'மால் மருகன்' என்று அழைத்தலும் அவ்வாறே. உமையம்மையின் தமையனாகிய திருமாலுக்கு அவன் உடன்பிறந்தாள் மகன். திருமாலின் மகளிராகிய அமுதவல்லியும் சுந்தரவல்லியுமே தெய்வயானையாகவும் வள்ளியாகவும் பிறந்தனர் எனக் கந்தபுராணம் கூறுதலின், அவன் மகளிரை மணந்த மருமகனுமாவன். இரு பொருளும் ஒரு சொல்லிலேயே அடங்கிவிட்டமையால், அருணகிரிநாதர் மருகன் என்று பாடும்போது எப்பொருளைக் கொள்வது என்று மயங்க வேண்டுவதில்லை. தமிழ்முறையில் அவ்விரண்டும் ஒன்றே.

காரியாபட்டி வட்டாரத்துப் பேச்சினை நோக்கின் மேலும் சில நயங்கள் புலப்படும். தந்தையைப் பெற்றவளை அப்பத்தா என்பர். அப்பனின் ஆத்தா என்பது அதன் பொருள். தாயைப் பெற்றவளை அம்மாச்சி என்பர். அம்மாவின் ஆச்சி என்பது அதன் பொருள். நூல்வழக்கில் 'பாட்டி' என ஒன்றாகக் கூறுவதனை ஊர்வழக்கு வழியறிந்து இரண்டாக வகுத்தது. உடன்பிறந்தார் மனைவியர் தமக்குள் ஓரகத்தியர். ஓர் அகத்தில் வாழ்வோர் என்பது கருத்து. பங்காளி என்பான் பங்கினை ஆளுதற்கு உரியவன். அவனையே தாயாதி என்றும் கூறுவர். இச்சொல்லைத் தாய் என்பதனோடு இயைத்துப் பொருள் காண்பாரும் உளர், அது பொருந்தாது. பங்கு எனப் பொருள்படும் தாயம் என்னும் வடசொல்லின் வழிவந்த தாயாத என்பதே தாயாதியாயிற்று. தாய்வழி உறவுக்கு அதில் இடமில்லை. தந்தைவழிச் சொத்துரிமையே அதன் பொருள். மகாசிவராத்திரி இரவில் தென்மாவட்டத்துக் குடும்பங்கள் பல தத்தம் குலதெய்வக் கோயிலில் ஒன்றுகூடுகின்றன. பங்காளிகள் யாவர், மாமன் மச்சான்மார் யாவர் என்பதைச் சிறுவர் ஏடின்றிக் கற்கும் பள்ளி அக்கோயில் முற்றமே.

பங்காளிக்கும் மாமனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்துள் மாமனாக வந்து வழக்குரைத்த படலம் நன்கு விளக்குகின்றது. மகப்பேறில்லாத தனபதி என்னும் வணிகன் தன் உடன்பிறந்தாள் மகனை மகனாக ஏற்றுப் போற்றினன். அவள் ஒருநாள் இகழ்ந்துரைத்தமையால் மனம் நொந்து, பொருளையெல்லாம் மருமகனுக்கே உரிமையாக்கித் தவம் புரியச் சென்றனன். அவன் சென்றபின் தாயத்தார் அப்பொருள் முழுவதையும் கவர்ந்துகொண்டனர். ஆதரவற்ற அப்பெண் சோமசுந்தரக் கடவுள் திருமுன் முறையிட்டழுதனள். இறைவன் தனபதியின் வடிவொடு வந்து, மருமகனைத் தழுவி, அவையேறி வழக்குரைத்துப் பொருளை மீட்டளித்து மறைந்தனன். ஈண்டு இறைவன் அப்பனாகவோ அரசனாகவோ வந்திலன், மாமனாக வந்தனன். அச்சிறுவனுக்கு அந்நேரத்தில் இல்லாத உறவு எதுவோ அதுவே ஆயினன். அவள் முறையிட்டாள், அவன் முறை கொண்டு வந்தான், முறை நிலைத்தது. ஒரு சொல்லின் மூன்று பொருளும் அக்கதையுள் ஒருங்கே விளங்குதல் காண்க.

இனி, இவ்வாராய்ச்சி சித்தாந்த உணர்வுக்கு எவ்வாறு துணைசெய்யும் என்பதைச் சுருங்க உரைப்பாம். முறைப்பெயர் எதுவும் தனித்து நில்லாது. தந்தை என்றவுடன் யாருக்குத் தந்தை என்னும் வினா உடனெழும்; அவ்வினாவுக்கு விடை அச்சொல்லுக்குள்ளேயே இருந்தது என்பதே மேலே கண்ட வரலாறு. இறைவனுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை என்பது மணிவாசகப் பெருமான் திருச்சாழலில் உணர்த்திய பொருள். அவனை நோக்கித் 'தந்தை' எனச் சுட்டத்தக்கார் ஒருவரும் இலர். தனக்கொரு தந்தையில்லாத அவனே எல்லார்க்கும் எந்தையாயினான். எந்தை என்று ஓர் உயிர் சொல்லுமாயின், அச்சொல்லில் 'எம்' என்பதாகிய உயிரும் உளது; உறவாகிய இறைவனும் உளன். இரண்டும் ஒரு சொல்லாய் இயைந்து நிற்கின்றன. எனினும் ஒன்று மற்றொன்றாகிவிடவில்லை. உயிரும் இறைவனும் ஒன்றுமாகாமல் இரண்டுமாகாமல் நிற்கும் அத்துவித நிலைக்கு நம் சான்றோர் காட்டிய உவமைகள் பலவற்றோடு எந்தை என்னும் இச்சிறு சொல்லையும் வைத்து எண்ணலாம் என்பது எமது துணிபு.

தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என நால்வர் வாயிலாக விளங்கிய நெறிகளுள் முதல் மூன்றும் அடிமை, மகன், தோழன் என்னும் முறைகளையே பெயராகக் கொண்டன. காரியாபட்டிக்குத் தென்கிழக்கே திருச்சுழியலிற் பாடிய சுந்தரரைத் தம்பிரான் தோழர் என்கிறோம். திருநாவுக்கரசரைத் திருஞானசம்பந்தர் அப்பர் என்று அழைத்த அழைப்பே அவர்க்குப் பெயராயிற்று. புனிதவதியாரின் கணவன் பரமதத்தன் அவரது பெருமை கண்டு அஞ்சிப் பாண்டி நாட்டுத் துறையொன்றில் வேறு மணம் புரிந்து வாழ்ந்தனன். பின்னர் அவர் அங்கு வந்தபோது தன் மகளோடு அவர் அடியில் வீழ்ந்து வணங்கினன். மனைவி என்னும் முறை அன்றே அற்றது. அது அற்ற இடத்தில், தாயில்லாத இறைவன் அவரை அம்மையே என்றழைத்தான். அவர் அப்பா என்று விடை பகர்ந்தார். உலகமுறை கழன்றபோதும் முறை என்பது கழன்றிலது. மேலானதொரு முறை அவரை ஏற்றுக்கொண்டது. உறவெல்லாம் துறந்து தருமபுரம், திருவாவடுதுறை முதலிய ஆதீனங்களில் வாழும் துறவியரைத் 'தம்பிரான்' என்று அழைக்கும் மரபும் இங்கே நினைக்கத்தக்கது. தம்பி, தங்கை என்பனபோலவே தம்பிரான் என்பதிலும் 'தம்' உளது. தமரைத் துறந்தார்க்கும் 'தம்' என்பதை விட்டுவிடாத சொல்லே பெயராய் அமைந்தது வியப்பன்றோ!

இற்றைநாளில் நகரங்களிலும், நகர வழக்கு புகுந்த ஊர்களிலும், பெரியப்பன், சிற்றப்பன், மாமன் என்னும் மூவரையும் 'அங்கிள்' என்னும் ஒரே சொல்லாற் குழந்தைகள் அழைக்கக் கேட்கின்றோம். அத்தையும் சின்னம்மையும் 'ஆன்ட்டி' ஆயினர். பிறமொழிச் சொல் வந்தது பற்றி வருந்துவதன்று. சாலகன் என்னும் பிறமொழிச் சொல் மாங்குளத்திலேயே வந்துவிட்டது. மைத்துனன் என்பதும் வடமொழி வழியதே என்பர். அச்சொற்கள் வந்தபோது முறை குலையவில்லை. வந்த சொல் முறைக்குள் அடங்கியது. இன்று வந்த சொல்லோ முறையின் எல்லைகளையே அழித்து நிற்கின்றது. மாமன் செய்யக் கடவது இது, சிற்றப்பன் செய்யக் கடவது இது என்னும் உணர்வு சொல்லோடு சேர்ந்து மறையுமாயின், அதனை மீட்டுத் தருதல் அகராதியால் இயலாது.

ஆகலின் சைவ நன்மக்கள் தம் வீட்டுச் சிறாருக்கு முறை சொல்லி அழைக்கக் கற்பித்தல் வேண்டும். அப்பத்தா யார், அம்மாச்சி யார், பங்காளி யார், மாமன் யார் என்று அறிந்த பிள்ளை, திருமுறை ஓதும்போது 'எந்தை' என்னும் சொல் வரின், அது யாருடைய அப்பன் என்று வினவும். அவ்வினா எழுமாயின் விடை தானே வரும். முறையறிந்தார்க்கன்றி முறையீடு விளங்காது; முறையிட அறிந்தாரைத் தனித்து விடுதல் ஆலவாயில் மாமனாகி வந்த பெருமானுக்கு வழக்கமன்று.